மதீராவின் லொரென்சோ முனை: காற்றடிக்கும் பாறை விளிம்பில் அப்பாவோடும் மகளோடும் நடக்கலாமா?

"மார்ச் கடைசியில் கணவர், மகள், அப்பாவோடு மதீரா தீவுக்குப் போகிறோம். கிழக்கு முனையில் இருக்கும் பொன்டா டி சாவோ லொரென்சோ நடைபாதையைப் படத்தில் பார்த்ததிலிருந்து 9 வயது மகள் அங்கே போயே ஆக வேண்டும் என்கிறாள். அப்பாவுக்கு 66 வயது, முழங்காலில் கொஞ்சம் வலி உண்டு. எனக்கு உயரம் என்றால் பயம். வீடியோக்களில் ஆட்கள் காற்றில் தள்ளாடுகிறார்கள். இது ஆபத்தான பாதையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபத்தான பாதையா என்றால் இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவது அந்தப் பதில் இல்லை என்று நினைக்கிறேன். எந்த நாளில் போகலாம், எந்த நாளில் வேண்டாம், போன பிறகு காற்று ஏறினால் எந்த இடத்தில் திரும்புவது, வயதும் பலமும் வேறு வேறான ஆட்களை வைத்துக்கொண்டு அதை எப்படி முடிவு செய்வது என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

மலைநடைக் குழுக்களை அழைத்துச் செல்வதற்கான பயிற்சி எடுத்தவன் நான். பல ஆண்டுகளாக பிரிட்டன் கடலோரங்களிலும் அட்லாண்டிக் தீவுகளிலும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன். லொரென்சோ முனை எனக்கு நன்றாகப் பழகிய இடம். காற்று பற்றி நான் சொல்வதில் ஒரு பகுதி இயற்பியல், அதில் சந்தேகம் இல்லை. இன்னொரு பகுதி என் பழக்கத்தில் உருவான கணக்கு. அதை என் கணக்கு என்று சொல்லியே தருகிறேன். வேறொரு வழிகாட்டி இன்னும் கறாராகவோ இன்னும் தளர்வாகவோ சொல்லக்கூடும். உங்கள் அப்பாவின் முழங்காலையோ உங்கள் உயரப் பயத்தையோ இங்கிருந்து நான் அளக்க முடியாது.

முதலில் இடம். மதீரா போர்ச்சுகலுக்குச் சொந்தமான எரிமலைத் தீவு. நடுவில் பிக்கோ ரூய்வோ 1,862 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. தீவின் பெரும்பகுதி காடும் மூடுபனியும் நீர்க்கால்வாய்களுமாகப் பச்சையாக இருக்கும். ஆனால் கிழக்குக் கோடியில் தீவு ஒல்லியாகி, கடலுக்குள் நீண்டு, மரமே இல்லாத நிலமாகிவிடுகிறது. உப்புக் காற்றும் மழைக் குறைவும்தான் காரணம். சிவப்பும் காவியும் கறுப்புமாக அடுக்கடுக்கான எரிமலைச் சாம்பலும் பசால்ட் பாறையும் தெரியும். அந்த அடுக்குகளைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு கறுப்புச் சுவர்கள் போல ஓடுபவை, ஒரு காலத்தில் உருகிய பாறைக்குழம்பு பிளவுகளில் ஏறி உறைந்தவை. ஆடி ஆவணி மாதங்களில் போனால் எல்லாம் காய்ந்த பழுப்பு. நீங்கள் போகும் மார்ச்சில் குளிர்கால மழை குடித்துப் புல் பச்சையாக இருக்கும், ஊதாப் பூக்களும் இருக்கும். அந்த விதத்தில் நல்ல மாதம் பிடித்திருக்கிறீர்கள்.

பாதை, கனிசால் ஊரைத் தாண்டி, தார்ச்சாலை முடியும் அப்ரா விரிகுடாவின் வாகன நிறுத்தத்தில் தொடங்குகிறது. அரசு எண்ணில் அது பி.ஆர். 8. போக வர ஆறேழு கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம், உங்களைப் போன்ற குடும்பத்துக்கு நான்கு வைத்துக்கொள்ளுங்கள். மேடும் பள்ளமுமாக மாறி மாறி வருவதால் மொத்த ஏற்றம் 300 முதல் 400 மீட்டர் வரை சேர்ந்துவிடும். ஒரே மூச்சில் ஏறும் இடம் கடைசியில் ஒன்றுதான். வழி தெளிவாக இருக்கும், தொலைந்துபோக வாய்ப்பில்லை. பெரும்பகுதி அகலமான மண்ணும் கல்லுமான பாதை, பல இடங்களில் கல்படிகள். விளிம்பை ஒட்டிப் போகும் இடங்களில் கம்பங்கள் நட்டு இரும்புக் கயிறு கட்டியிருக்கிறார்கள். கடைசியில் பேரீச்ச மரங்கள் சூழ்ந்த காசா தொ சர்தீன்யா என்ற வீடு வரும். அதற்குப் பின்னால் மொர்ரோ தொ ஃபுராதோ என்ற குன்றின் மேல் செங்குத்தாக ஏறினால் பார்வை மேடை. நடக்க முடிந்த தூரம் அவ்வளவுதான். அதற்கு அப்பால் நிலம் உடைந்து தீவுத்துண்டுகளாகிவிடுகிறது. கடைசித் துண்டில் 1870இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கும். தெளிவான நாளில் வடகிழக்கே போர்த்தோ சாந்தோ தீவும், தென்கிழக்கே மங்க் சீல் எனப்படும் கடல்நாய்கள் எஞ்சியிருக்கும் தெசெர்தாஸ் தீவுகளும் தெரியும்.

சரி, காற்று. வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றின் பாதையில் மதீரா இருக்கிறது. தீவின் மற்ற பகுதிகளில் மலை அந்தக் காற்றைத் தடுத்துவிடும். தலைநகர் ஃபுன்ஷால் தெற்குக் கரையில் மலைக்குப் பின்னால் பதுங்கியிருப்பதால், அங்கே காலையில் பலகணியில் நின்று பார்த்தால் இலை அசையாது. அதை நம்பி முனைக்குப் போனால் முற்றிலும் வேறு உலகம். மலை முடிந்துபோன இடம் அது, தடுக்க எதுவும் இல்லை. தங்குமிடத்தில் நின்று வானிலையை முடிவு செய்யாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இந்தக் காற்றின் குணத்தை நீங்கள் தரையிறங்கும்போதே உணரலாம். 1964இல் திறந்து, 2000ஆம் ஆண்டில் கடலோரத்தில் தூண்கள் நட்டு ஓடுபாதையை 2,781 மீட்டராக நீட்டிய மதீரா விமான நிலையம், பக்கத்து மலைகளைத் தாண்டி வரும் கலங்கிய காற்றுக்குப் பேர்போனது. விமானங்கள் சுற்றிவிட்டு போர்த்தோ சாந்தோவுக்குத் திருப்பிவிடப்படுவது அங்கே வழக்கம். விமானங்கள் இறங்காமல் சுற்றுகின்றன என்று செய்தி வரும் நாள், முனையில் நடக்க ஏற்ற நாள் இல்லை.

காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இது உறுதியான விஷயம், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று நடுத்தர உடல்வாகுள்ள ஒருவரை இரண்டரை கிலோ எடை அளவுக்குத் தள்ளும். தொப்பி பறக்கும், அவ்வளவுதான். 60இல் அது சுமார் 10 கிலோ. 80இல் 18 கிலோவை நெருங்கிவிடும். தார்ச்சாலையில் 10 கிலோ தள்ளலைச் சமாளிக்கலாம். உதிரிக் கற்கள் கிடக்கும் சரிவில், ஒரு காலைத் தூக்கி அடுத்த படியில் வைக்கும் அந்த நொடியில், அதே தள்ளல் ஆளைத் திருப்பிவிடும். குழந்தைக்கு உடல் பரப்பு குறைவுதான், ஆனால் எடை அதைவிடக் குறைவு. 27 கிலோ எடையுள்ள குழந்தை, தன் எடையோடு ஒப்பிட்டால் உங்களைவிடக் கூடுதலாகத் தள்ளப்படுகிறது. "எனக்கே ஒன்றும் ஆகவில்லையே" என்பதை வைத்துப் பிள்ளைக்கு முடிவு செய்யக்கூடாது.

வேகத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். திசையைப் பார்ப்பவர்கள் குறைவு. இந்த முனையில் திசை வேகத்தைப் போலவே முக்கியம், சில நாட்களில் அதைவிட முக்கியம். நிலம் கிழக்கு நோக்கி நீள்கிறது. வடக்குப் பக்கம்தான் 100 மீட்டருக்கு மேல் செங்குத்தாகக் கடலில் இறங்கும் பாறை முகம். தெற்குப் பக்கம் பல இடங்களில் சாய்வானது. வடகிழக்குக் காற்று கடலிலிருந்து வந்து, பாறை முகத்தில் மோதி, மேலே ஏறி உங்கள் முகத்தில் அடிக்கும். பயமாக இருக்கும், ஆனால் அது உங்களைப் பள்ளத்திலிருந்து நிலத்துக்குள் தள்ளுகிறது. தென்மேற்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ வரும் காற்று முதுகில் வந்து, வடக்கு விளிம்பை நோக்கித் தள்ளும். 40 கிலோமீட்டர் வடகிழக்குக் காற்றில் நான் கூட்டிக்கொண்டு போகும் ஆட்களை, 40 கிலோமீட்டர் தெற்குக் காற்றில் வடக்குப் பார்வை மேடைகளின் பக்கம் போக விடமாட்டேன். கோடையில் வடகிழக்குதான் ஆட்சி செய்யும். மார்ச்சில் அட்லாண்டிக் தாழ்வழுத்தங்களும் வந்துபோகும், அவை தென்மேற்குக் காற்றைக் கொண்டுவரும். நீங்கள் போகும் மாதத்தில் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு என்பதால் இவ்வளவு சொல்கிறேன்.

நல்ல திசைக் காற்றிலும் விளிம்பருகே ஒரு வஞ்சனை இருக்கிறது. பாறை முகத்தில் மேலே பாய்ந்த காற்று, விளிம்பைத் தாண்டியதும் உடனே தரையோடு படியாது. தலைக்கு மேலே எகிறிப் போய்விடும். அதனால் விளிம்புக்குச் சற்றுப் பின்னால் திடீரென்று அமைதியாக இருக்கும், சில நேரம் காற்று சுழன்று எதிர்த்திசையில் விளிம்பை நோக்கியே இழுக்கும். "இங்கே காற்றே இல்லையே" என்று ஆட்கள் நிமிர்ந்து நின்று கேமராவை எடுப்பது அந்த இடத்தில்தான். காற்றில் சாய்ந்து நடந்து வந்தவருக்கு, சாய்வதற்கு இருந்த அந்தத் தாங்கல் சட்டென்று விலகும்போது கால் தடுமாறும். காற்று விட்டு விட்டு அடிக்கும் நாளில் காற்று ஓய்ந்த நொடியிலும் ஆட்கள் விழுவது உண்டு.

வழியில் நிலம் ஒடுங்கி, இரண்டு பக்கமும் கடல் தெரியும் ஒரு கழுத்துப் பகுதி வரும். இரண்டு பக்கமும் இரும்புக் கயிறு இருக்கும். வீடியோக்களில் ஆட்கள் தள்ளாடும் காட்சி பெரும்பாலும் இங்கே எடுத்ததாகத்தான் இருக்கும். இரண்டு மேடுகளுக்கு இடையிலுள்ள தாழ்வில் காற்று நெருக்கிப் பிழியப்பட்டு வேகம் கூடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அவ்வளவு காற்றாலைகளை நட்டதற்கும் இதே காரணம்தான். உங்கள் குடும்பத்துக்கு முடிவெடுக்கும் இடம் இதுதான். கழுத்துக்கு முன்னால் நின்று, முதலில் நீங்களோ கணவரோ ஒருவர் மட்டும் கயிற்றைப் பிடித்து நடுவரை போய்ப் பாருங்கள். இரண்டு நிமிடம் நில்லுங்கள், ஏனென்றால் பெரிய வீச்சுகள், அதாவது திடீரென்று எழுந்து அடங்கும் பலமான காற்றடிகள், இடைவெளி விட்டுத்தான் வரும். அந்த நேரத்தில் ஒரு முறையாவது காலை மாற்றி ஊன்ற வேண்டி வந்தால், மகளையும் அப்பாவையும் அதற்கு மேல் கூட்டிப்போகாதீர்கள். அதுவரை பார்த்ததிலேயே இந்தப் பாதையின் பெரிய காட்சிகள் வந்துவிடும். கடலிலிருந்து எழும் கறுப்புப் பாறைத் தூண்கள் தெரியும் வடக்குப் பார்வை மேடை அதற்கு முன்னாலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால் பாதையில் மிக அழகான இடமும் அதுதான், கடைசிக் குன்று இல்லை.

முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது என்றால், போர்ச்சுகலின் வானிலை நிறுவனமான ஐ.பி.எம்.ஏ. மதீராவை வடகரை, தென்கரை, மலைப்பகுதி என்று பிரித்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை தருகிறது. காற்றுக்கு எந்த நிற எச்சரிக்கை இருந்தாலும் உங்கள் குடும்பம் அன்றைக்குப் போக வேண்டாம். எச்சரிக்கை இல்லாத நாளில் சராசரி வேகத்தை விட்டுவிட்டு வீச்சு வேகத்தைப் பாருங்கள். செயலிகளில் அது gust என்ற பெயரில் தனியாக இருக்கும். ஆளைச் சாய்ப்பது அதுதான். இனி சொல்வது என் கணக்கு. வீச்சு 40க்குக் கீழே என்றால் முழுப் பாதையும் போகலாம். 40க்கும் 50க்கும் நடுவில் என்றால் கழுத்துவரை போய் அங்கே முடிவு செய்யலாம். 50க்கு மேல் என்றால் குழந்தையோடு நான் போகமாட்டேன். தெற்குக் காற்றாக இருந்தால் இந்த எண்களில் 10ஐக் கழித்துக்கொள்ளுங்கள். மாலுமிகளின் பியூஃபோர்ட் அளவையில் மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர் என்பது குடை பிடிக்கத் திணறும் காற்று, 50 முதல் 61 என்பது எதிர்த்து நடக்கச் சிரமமான காற்று. சமதளத்தில் நடக்கச் சிரமம் என்றால் விளிம்பில் எப்படி என்று யோசியுங்கள். இன்னொன்று, உலக அளவில் வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன, ஒரு கட்டமே பல கிலோமீட்டர் அகலம். சில நூறு மீட்டர் அகலமுள்ள இந்த ஒல்லி நிலம் அதற்குக் கண்ணில் படாது. ஆகவே செயலியில் வரும் எண்ணைச் சுற்றியுள்ள கடலின் காற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

அப்பாவைப் பற்றி. 66 வயது ஒரு தடையே இல்லை. 70 தாண்டியவர்கள் அங்கே நன்றாக நடக்கிறார்கள். படி இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். ஊரில் மூன்று மாடி படியேறி இறங்கினால் வலிக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வலித்தால் சர்தீன்யா வீடுவரை போவது வேண்டாம், ஏனென்றால் இறங்கிய ஒவ்வொன்றையும் திரும்பும்போது ஏற வேண்டும். வலி இல்லை என்றாலும் கடைசிக் குன்றுக்கு அவர் வர வேண்டியதில்லை. அந்த ஏற்றம் செங்குத்து, இறக்கம் அதைவிட மோசம், உதிரிக் கல் வேறு. வீட்டுப் பக்கம் பேரீச்ச மர நிழலில் உட்கார்ந்திருக்கட்டும். பாதை முழுக்க நிழல் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். ஊன்றுகோல் இரண்டு கொண்டுவந்தால் முழங்காலுக்கு நல்லது, மணிக்கட்டு வாரை மட்டும் மாட்டிக்கொள்ள வேண்டாம். இன்னொரு விஷயம்: வடகிழக்குக் காற்றில் போகும்போது காற்று இடது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகுப் பக்கம் வந்துவிடும். படி இறங்கும் ஒருவரைப் பின்னாலிருந்து தள்ளும் காற்று சங்கடமானது. திரும்பும் வழியில் அவருக்கு முன்னால், ஒரு படி கீழே, நீங்கள் யாராவது நடங்கள்.

மகளை எப்போதும் நிலத்துப் பக்கம் வையுங்கள், கையை விடாதீர்கள். பிள்ளைகளுக்கு அங்கே பல்லிகள் பெரிய ஈர்ப்பு. தீவுக்கே உரிய சிறு பல்லிகள் காலடியில் ஓடும், அவற்றின் பின்னால் ஓடிவிடுவார்கள். உட்கார்ந்து தின்னும்போதும் விளிம்பிலிருந்து தள்ளியே உட்காருங்கள். சாம்பல் அடுக்குகள் காற்றிலும் மழையிலும் உள்ளிருந்து அரிக்கப்படுபவை. மேலே திடமாகத் தெரியும் விளிம்பு, அடியில் ஒன்றும் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். மேலே நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. இரும்புக் கயிற்றைத் தாண்டி நின்று எடுக்கும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். மழை பெய்த மறுநாள் இன்னும் கவனம் வேண்டும்.

உங்கள் உயரப் பயத்துக்கு வருகிறேன். பாதி வழிவரை பாதை அகலமாக இருப்பதால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை வருவதில்லை. கழுத்துப் பகுதியில் சிலருக்குக் கால் கட்டிப்போகும். பயம் இருப்பது குறை இல்லை, ஆனால் பயத்தில் உடல் விறைத்தால் நடை கெடும், காற்றில் அது சேர்ந்து வேலை செய்யும். பால்கனித் தடுப்புச் சுவர் அருகே நிற்க முடிகிறது என்றால் உங்களால் முடியும் என்றே நினைக்கிறேன். தலை சுற்றும், ஏதோ இழுப்பது போல இருக்கும் என்கிற வகைப் பயம் என்றால், மகளின் கையைப் பிடிக்கும் பொறுப்பைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள்.

உடை: துப்பட்டா, சால்வை, தொளதொளப்பான மழைக் கோட்டு, பாஞ்சோ எதுவும் வேண்டாம், எல்லாமே பாய்மரமாகிவிடும். குடையை எடுக்கவே எடுக்காதீர்கள். உடலோடு ஒட்டிய காற்றுத்தடுப்புச் சட்டை, கழுத்தில் கட்டும் கயிறுள்ள தொப்பி, பிடிப்புள்ள அடிப்பாகமுள்ள காலணி போதும். கண்ணாடி அணிபவர் என்றால் அதற்கும் ஒரு கயிறு. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் தாகமும் வெயிலும் தெரியாது, மாலையில்தான் முகம் எரியும். சன்ஸ்கிரீனைக் காதுக்கும் பின்கழுத்துக்கும் பூசுங்கள். பெரிய வீச்சு வந்தால் நடையை நிறுத்தி, கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, காற்றைப் பார்த்துக் குந்திவிடுங்கள். இதை வாகன நிறுத்தத்திலேயே மகளுக்கு ஒரு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால், தேவைப்படும்போது யோசிக்காமல் குந்துவாள். அவசர எண் 112.

பாதைக்கு இப்போது இணையத்தில் முன்பதிவும் கட்டணமும் உண்டு. கட்டணம் சில முறை மாறிவிட்டதால் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பாதை மூடியிருந்தால் அங்கேயே போட்டிருப்பார்கள். மதீராவுக்குக் கிளம்பும் முன்பே நாள் குறித்துப் பதிந்துவிடாதீர்கள். பணம் கட்டியாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மோசமான காற்றில் நடப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தங்கும் நாட்களில் இரண்டு மூன்றை இதற்காகத் திறந்து வைத்து, முந்தின நாள் மாலை வீச்சையும் திசையையும் பார்த்துவிட்டுப் பதியுங்கள். இடம் கிடைத்தால் காலை முதல் நேரத்தை எடுங்கள், கழுத்துப் பகுதியில் எதிரும் புதிருமாக ஆட்கள் நெருக்க மாட்டார்கள்.

காற்று நடக்க விடாத நாள் வந்தால் கனிசாலிலேயே பொழுது போகும். 1981வரை திமிங்கில வேட்டை நடந்த ஊர் அது. இப்போது அங்கே பெரிய திமிங்கில அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. முனைக்குப் போகும் சாலையிலேயே பிரய்ன்யா என்ற கறுப்பு மணல் கடற்கரை தெற்குப் பார்த்து இருக்கிறது, வடகிழக்குக் காற்று அங்கே எட்டுவது குறைவு. அப்பாவுக்கும் அங்கே இறங்குவது எளிது.